செயின் சா, பிரஷ் கட்டர்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றலாமா?

கேள்வி: மலைத்தோட்டம்

வணக்கம். சேர்வராயன் மலையில் எங்களுக்குக் காப்பியும் மிளகும் கலந்த தோட்டம் இருக்கிறது. கோடை மழைக்குப் பிறகு நிழல் மரங்களைக் கவாத்து செய்வதற்காக ஒரு செயின் சாவும், களை வெட்டுவதற்காக இரண்டு பிரஷ் கட்டர்களும் வைத்திருக்கிறோம். மூன்றுமே பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. கவாத்து நடக்கும் வாரங்களில் செயின் சா நாள் முழுவதும் ஓடும்; அதன்பின் மாதக்கணக்கில் கொட்டகையிலேயே கிடக்கும். சென்ற மழைக்காலம் முடிந்து எடுத்தபோது கயிற்றை எவ்வளவு இழுத்தும் அது பிடிக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, எரிபொருள் குழாயையும் மாற்றிய பிறகே ஓடியது.

இயந்திரத்துடன் வந்த கையேட்டில் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். இன்றோ பங்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் 20 சதவீத எத்தனால் கலந்ததாக இருக்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோலை வாங்கிப் பயன்படுத்துமாறு ஒருவர் சொல்கிறார். அதன் விலை சாதாரண பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்கு. ஆயிலைக் கொஞ்சம் அதிகமாகக் கலந்தால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்துவிடலாம் என்று காணொளி ஒன்றும் பார்த்தேன். இவற்றில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பட்டறைக்காரர், மேட்டுப்பாளையம்

ஐயா, ஆக்டேன் எண்ணை, அதாவது பெட்ரோல் எஞ்சினுக்குள் முன்கூட்டியே தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவை, முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். இந்தச் சிறு எஞ்சின்களுக்குத் தேவையான அளவு ஆக்டேன் சாதாரண பெட்ரோலிலேயே இருக்கிறது. எத்தனால் சேரும்போது அது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 100 ஆக்டேன் ஊற்றினால் மரம் வேகமாக அறுபடும் என்று நினைத்து வாங்குவது வீண். அதை வாங்குவதற்கு ஒரே நியாயமான காரணம், அதில் எத்தனால் கலக்கப்படாமல் இருப்பதுதான்.

எத்தனால் செய்யும் கெடுதல் இரண்டு விதம். எஞ்சின் ஓடும்போது நடப்பது ஒன்று, ஓடாமல் கிடக்கும்போது நடப்பது மற்றொன்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பெட்ரோலுக்கென்று அளவு வைத்த ஜெட் (கார்புரேட்டரில் எரிபொருள் வரும் சிறு துளை) வழியாக எத்தனால் கலந்த எரிபொருள் போகும்போது, உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் கிடைப்பதில்லை. காரில் சென்சார் இதைக் கவனித்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும். செயின் சாவில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஸ்டில் நிறுவனத்தின் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்ற அமைப்புள்ள விலை உயர்ந்த மாடல்களே இதற்கு விலக்கு. மற்றவற்றில் எரிபொருள் குறைந்து, எஞ்சின் சூடேறி, நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் பிஸ்டன் புகைபோக்கிப் பக்கமாகக் கீறல் விழுந்து, சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான ‘எச்’ திருகை இடப்பக்கமாகச் சிறிது திருப்பி எரிபொருளைக் கூட்டினால் இதைத் தவிர்க்கலாம். இதைக் காதால் கேட்டு மட்டும் செய்யாமல், சுற்று எண்ணும் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்வது நல்லது.

ஓடாமல் கிடக்கும்போது நடப்பதுதான் உங்கள் இயந்திரத்துக்கு நேர்ந்தது. எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக இந்தக் கார்புரேட்டர்களில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய ரப்பர் டயபிரம் வைத்திருப்பார்கள். நல்ல டயபிரத்தை விரலால் அழுத்தினால் ஓசையில்லாமல் குழைந்து கொடுக்கும். மாதக்கணக்கில் பழைய பெட்ரோலில் ஊறிக் காய்ந்தது சுருங்கி விறைத்து, அழுத்தும்போது மொறுமொறுவென்று சத்தம் எழுப்பும். அதற்கு அருகிலேயே சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு வலை இருக்கும். அதன் கண்களைப் பழுப்பு நிறப் பிசின் அடைத்திருக்கும். அலுமினிய உடம்பில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அந்த எரிபொருளில் தண்ணீர் இருந்தது என்று பொருள். மழைக்காலம் முடிந்ததும் எங்கள் பட்டறைக்கு வரும் இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்தக் கோலத்தில்தான் வருகின்றன. உழைத்துத் தேய்ந்துபோனவை அவற்றில் குறைவு.

பதில்: வேதியியல் ஆசிரியர்

தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் முறையைப் பரிசோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தயாரிக்கும் வழியாக அதைக் கொள்ள வேண்டாம். அளவுக் குறியிட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீரும் 100 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலாக இருந்தால் அடியில் தண்ணீர் அதே 10 மில்லியில் நிற்கும். 20 சதவீதம் கலந்திருந்தால் அடிப்படலம் ஏறக்குறைய 30 மில்லிக்கு உயரும், ஏனென்றால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடுகிறது. எத்தனால் இல்லாதது என்று அதிக விலை கொடுத்து வாங்கும் பெட்ரோலை இப்படிச் சோதித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. தீயிலிருந்து தள்ளி, வெட்டவெளியில் செய்யுங்கள்.

மேலே நிற்கும் பெட்ரோலை வடித்து எஞ்சினில் ஊற்றுவது தவறு. எத்தனால் தந்த ஆக்டேன் அதோடு போய்விடும். மிச்சப் பெட்ரோலிலும் சிறிது நீர் கரைந்தும் துளிகளாகவும் தங்கியிருக்கும். லிட்டர் கணக்கில் திறந்த பாத்திரத்தில் குலுக்கும்போது எழும் ஆவி தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தண்ணீர் ஏன் இவ்வளவு பகை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொண்டு தெளிவாகவே இருக்கும். 10 சதவீதக் கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி வரை, 20 சதவீதக் கலவையில் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டியவுடன் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தேங்கும். நீங்கள் கலந்த டூ-ஸ்ட்ரோக் ஆயிலோ மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். எரிபொருளை உறிஞ்சும் வடிகட்டி டாங்கின் அடியில் கிடப்பதால், எஞ்சினுக்குப் போவது ஆயிலே இல்லாத நீரும் சாராயமும் கலந்த திரவம். வெப்பநிலை குறையக் குறைய இந்த எல்லையும் குறையும். பகலில் தெளிவாக இருந்த எரிபொருள் உங்கள் மலையின் இரவுக் குளிரில் பிரிந்து நிற்பதற்கு இதுவே காரணம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மட்டும் இந்த நிலைக்கு வர நெடுநாள் ஆகும்; மூடி சரியாகப் பொருந்தாத கேனில் இறங்கும் மழைநீர் ஒரே இரவில் அதைச் செய்துவிடும்.

பதில்: தென்னந்தோப்பு, பேராவூரணி

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் 100 ஆக்டேனைத் தேடி அலைய வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்த பிறகு, விழுந்த மரங்களை அகற்றுவதற்காக வாரக்கணக்கில் இங்கே செயின் சாக்கள் ஓய்வின்றி ஓடின. பக்கத்துப் பங்கில் கிடைத்த பெட்ரோல்தான் ஊற்றினோம். அன்று எத்தனால் விகிதம் இன்றைக்கு இருப்பதைவிட மிகவும் குறைவு என்பது உண்மை. இருந்தாலும் அப்போது கண்ட ஒன்று இன்றைக்கும் பொருந்தும்: காலையில் கலந்து மாலைக்குள் தீர்ந்துபோகும் எரிபொருள் எஞ்சினைக் கெடுப்பதில்லை. இப்போதும் தினமும் ஓடும் காலத்தில், திருகைச் சரிசெய்துகொண்டு சாதாரண பெட்ரோலையே ஊற்றுகிறோம். வேலை முடிந்து எடுத்து வைப்பதற்கு முந்தைய கடைசி டாங்க் மட்டும் எத்தனால் இல்லாத பெட்ரோலில் கலந்தது. ஒரு பருவத்துக்கு ஓரிரு லிட்டர்தான் செலவாகும் என்பதால் விலை உறுத்துவதில்லை.

ஆயிலை அதிகம் ஊற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஜெட் வழியாகப் போகும் திரவத்தின் அளவு மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், எஞ்சின் இன்னும் சூடாகும், புகைபோக்கியிலும் பிளக்கிலும் கரி அடையும். கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மூடியால் ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தர முத்திரை இருக்க வேண்டும். படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் நீரால் குளிரூட்டப்படும் எஞ்சினுக்காகச் செய்தது. காற்றால் குளிரும் செயின் சாவுக்கு ஆகாது. எங்கள் கடற்கரை ஊர்களில் அது எளிதாகக் கிடைப்பதால் பலர் அதையே ஊற்றிவிடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

மலைத்தோட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. கவாத்துக் காலத்தில் சாதாரண பெட்ரோல், எடுத்து வைக்கும்போது எத்தனால் இல்லாதது என்பது எங்களுக்குக் கட்டுப்படியாகும். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எடுத்து வைக்கும்போது டாங்கைக் காலி செய்வது நல்லதா, நிரப்பி வைப்பது நல்லதா? அடுத்து, பிரஷ் கட்டர்களில் ஒன்று பழையதாகிவிட்டது. புதிதாக வாங்கும்போது ஃபோர்-ஸ்ட்ரோக் எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: பட்டறைக்காரர், மேட்டுப்பாளையம்

சில வாரங்களுக்கு மட்டும் என்றால், எத்தனால் இல்லாத புதுக் கலவையை நிரப்பி வைக்கலாம். ஒரு மழைக்காலம் முழுவதும் என்றால் காலி செய்வதே நல்லது. பேராவூரணி நண்பர் சொன்னபடி கடைசியாக எத்தனால் இல்லாத கலவையில் சிறிது நேரம் ஓட்டுங்கள். அது கார்புரேட்டருக்குள் இருக்கும் பழையதை வெளியேற்றிவிடும். பிறகு டாங்கை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை மெதுவான ஓட்டத்தில் விடுங்கள். முழு வேகத்தில் வைத்து உலரவிடக் கூடாது, கடைசி நொடிகளில் ஆயில் இல்லாமல் ஓடிப் பிஸ்டன் கெடும். ஐரோப்பாவில் இந்தக் கவலையே வேண்டாமென்று, எத்தனாலும் பென்சீனும் ஏறக்குறைய இல்லாத, ஆயில் கலந்தே விற்கும் ஆல்கிலேட் பெட்ரோலைப் பயன்படுத்துகிறார்கள். மூடி திறக்காமல் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

ஃபோர்-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் பெட்ரோலோடு ஆயில் கலக்கும் வேலை இல்லை. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற எஞ்சினில் ஆயில் தனி அறையில், 100 மில்லி அளவில் இருக்கும். ஆகவே எரிபொருள் பிரிந்தாலும் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடிக்கும் அபாயம் இல்லை. டயபிரம், குழாய், பிசின் ஆகிய தொல்லைகள் அதிலும் உண்டு. எடுத்து வைக்கும் முறையும் அதற்கு இதுவேதான். சரிவான நிலத்தில் தோளில் சுமந்து வெட்டுபவருக்கு எடை சற்றுக் கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றது என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பக்கத்தைப் பிரித்துப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்காதீர்கள். பல பங்குகளில் தரவும் மாட்டார்கள். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் உலோகக் கேன் அல்லது எரிபொருளுக்கென்றே செய்த கெட்டிப் பிளாஸ்டிக் கேன் வாங்குங்கள். ஆயில் கலந்த நாளை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். 30 நாள் தாண்டியதை ஊற்ற வேண்டாம். வீட்டுத் தேவைக்கு உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் உங்கள் மூன்று இயந்திரங்களுக்கு 5 லிட்டர் கேன் ஒன்றே தாராளம்.

பதில்: தென்னந்தோப்பு, பேராவூரணி

வேலை நடக்கும் இடத்தில் எஞ்சின் ஆறுவதற்கு முன்பே ஆட்கள் பெட்ரோல் ஊற்றுவார்கள். ஆறிய பிறகு ஊற்றச் சொல்லுங்கள், ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய்க் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். எத்தனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் சமரசம் வேண்டாம்.