பொருள்: ‘லிபெரோ’வுக்குத் தமிழ் என்ன? (அவசரம், வெள்ளிக்குள் வேண்டும்)

ந.செ., திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டு வாசிப்பு நூல் ஒன்றில் ஜெர்மனியின் கால்பந்து வீரர் மத்தியாஸ் சம்மரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மனிதர் ஒரே இடத்தில் ஆடியவர் இல்லை. 1967இல் டிரெஸ்டனில் பிறந்தவர். அப்பா கிளவுஸ் சம்மரும் டைனமோ டிரெஸ்டனில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தவர். மகன் அதே அணியில் முன்கள வீரராகத் தொடங்கி, இடது ஓரத்துக்கு மாறி, அப்புறம் நடுக்களத்தில் நிலைத்தார். இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. பின்னாளில் டார்ட்மண்ட் அணியில் பயிற்சியாளர் ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் அவரைத் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ‘லிபெரோ’வாக நிறுத்தினார். ஜெர்மனி வென்ற 1996 ஐரோப்பியக் கோப்பையும், சிறந்த வீரருக்கான அந்த ஆண்டின் தங்கப் பந்து விருதும் அந்த இடத்தில் ஆடித்தான் வந்தன. அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குச் சொல்லும் ‘ஸ்வீப்பர்’ என்பதை வைத்து முதல் வரைவில் ‘கூட்டுபவர்’ என்று போட்டேன். என் மகள் படித்துவிட்டு, “யாரை எங்கே கூட்டுகிறார்?” என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

வ.மு., திங்கள் மதியம்

அன்புள்ள செ. தம்பிக்கு,

லிபெரோ இத்தாலியச் சொல். மூலம் இலத்தீனின் ‘லீபெர்’, அதாவது கட்டற்றவன். அதே மொழியில் ‘லிபெர்’ என்று குறிலாகச் சொன்னால் புத்தகம். நெடிலானால் விடுதலை, குறிலானால் ஏடு. நம்மிடம் என்ன இருக்கிறது பாருங்கள்: ‘விடு’ நீண்டு ‘வீடு’ ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். அறம் பொருள் இன்பம் வீடு என்கிறோமே, அந்த வீடு. லீபெரும் வீடும் ஓரினச் சொற்கள் என்று நான் வெகுநாளாகச் சொல்லிவருகிறேன்.

ஆகவே என் பரிந்துரை: விடலை. பாலை நிலத் தலைவன் பெயர். வேர் ‘விடு’. வீரமும் உண்டு, விடுதலையும் உண்டு. புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, எடுத்துத் துடைத்தால் போதும்.

கௌ., திங்கள் மாலை

ஐயா, விடலை என்றால் இன்றைக்கு மீசை அரும்பும் வயது, இல்லையென்றால் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய். 1996இல் சம்மருக்கு வயது 28. “சம்மர் விடலையாக ஆடினார்” என்று எழுதினால் பிள்ளைகள் வேறு ஏதோ நினைத்துக்கொள்வார்கள்.

லீபெரும் வீடும் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போன முறை தொடங்கிய வேர்ச்சொல் சண்டை மூன்று வாரம் ஓடியது.

என் பரிந்துரை கட்டற்ற காவலர். கட்டற்ற மென்பொருள் என்று நாம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. பொருளும் சரியாகப் பொருந்துகிறது. அந்தக் கால ஆட்டத்தில் மற்ற தற்காப்பாளர் ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஓர் ஆள் கணக்கு, அவனை நிழல் போல ஒட்டித் திரிய வேண்டும். அந்தக் கட்டு லிபெரோவுக்குக் கிடையாது.

ம.ப., திங்கள் இரவு

‘கட்டற்ற’ என்றால் அடங்காதவர் என்று படும். சம்மர் அப்படித்தான் என்பது வேறு விஷயம். செம்முடி, நடுவரிடம் ஓயாத வாக்குவாதம், ‘மோட்ஸ்கி’ என்று பட்டப்பெயர். நம்மூரில் ‘முணுமுணுப்பான்’ என்பார்கள்.

நான் வேறொன்று கேட்கிறேன், ஏன் தமிழாக்க வேண்டும்? எங்கள் பக்கத்தில் வாலிபால் ஆடாத ஊர் இல்லை. வேறு நிறச் சட்டை போட்டு நிற்பவரை ஏழாம் வகுப்புப் பையன்கூட ‘லிபெரோ’ என்றுதான் சொல்கிறான். தெரிந்த சொல்லை விட்டுவிட்டு எதற்கு வீடும் விடலையும்?

ந.செ., செவ்வாய் காலை

ம.ப. அண்ணா, சிக்கலே அங்கேதான். வாலிபால் லிபெரோ தாக்கி அடிக்கக் கூடாது, அவர் பின்வரிசைக்கு மட்டும். கால்பந்து லிபெரோவின் பெருமையோ அவர் முன்னேறிப் போய்த் தாக்கலாம் என்பதுதான். ஐரோப்பியக் கோப்பையில் சம்மர் ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல், காலிறுதியில் குரோவேசியாவுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். பையனுக்குத் தெரிந்த லிபெரோவை வைத்துப் படித்தால் “இவர் விதியை மீறிவிட்டாரே” என்பான்.

வ.மு., செவ்வாய் மதியம்

கால்பந்து நோக்கர்கள் இன்னொரு வேறுபாட்டை விட்டுவிட்டார்கள். ஜெர்மனில் ‘ஔஸ்புட்சர்’ என்று தனிச் சொல் உண்டு. துடைத்து வெளியேற்றுபவர். பின்னால் நின்று, தப்பி வரும் பந்தை உதைத்துத் தள்ளுவதோடு அவர் வேலை முடிந்தது. ஜெர்மனியின் பெக்கன்பவர் அந்த இடத்திலிருந்து பந்தோடு முன்னேறத் தொடங்கிய பிறகுதான் ‘லிபெரோ’ என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பிழை. இத்தாலியர் தற்காப்பு முறைக்கு வைத்த பெயரே ‘கத்தெனாச்சோ’, கதவுத் தாழ்ப்பாள். ஆகவே ஔஸ்புட்சருக்குத் தாழ்க்காவலர்.

மதில் காக்கும் போரை நொச்சி என்று தனித் திணையாகப் புறப்பொருள் வெண்பாமாலை சொல்கிறது. தொல்காப்பியரோ அதை உழிஞைக்குள் அடக்கினார். முற்றுகையும் காவலும் ஒரே திணை! தாக்குதலும் தற்காப்பும் ஒருவரிடமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உழிஞையர் என்றும் சொல்லலாம். விடலையை நான் கைவிடவில்லை.

இ.த., செவ்வாய் இரவு

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். முதலில், அது கால்பந்து இல்லை, உதைபந்தாட்டம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

எங்கட ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் கிளித்தட்டை ஒருவரும் நினைக்கவில்லையே. தட்டைக் காக்கும் அணியில் ஒவ்வொருவரும் தம் குறுக்குக்கோட்டிலேயே நிற்க வேணும். ஒரு ஆளுக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை, அவர் நடுக்கோட்டிலும் ஓடலாம். காவல் அணியில் விடுபட்ட ஒரே ஆள். அவருக்குப் பெயர் கிளி. இதைவிட லிபெரோ என்ன?

கௌ., புதன் காலை

இ.த. ஐயா, அருமை. இத்தனை மடலில் முதன்முறையாக ஒரு விளையாட்டின் சொல் விளையாட்டிலிருந்தே வந்திருக்கிறது. ஆனால் ‘செந்தலைக் கிளி சம்மர்’ என்று படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்னியுங்கள்.

ம.ப., புதன் காலை

கிளி நன்று. லிபெரோவும் நன்று. உழிஞையர் வேண்டாம்.

பெயரையும் ஒருமுறை யோசியுங்கள். ‘சம்மர்’ என்றால் கோடை விடுமுறை மாதிரி இருக்கிறது. ஜெர்மானியர் ‘ஸம்மர்’ என்பார்கள்.

வ.மு., புதன் மதியம்

‘சமர்’ என்று எழுதலாமே! சமர் என்றால் போர். இரு நாடுகளுக்கு ஆடிய போர்வீரன். 1990 செப்டம்பர் 12இல் பிரஸ்ஸல்ஸில் கிழக்கு ஜெர்மனி ஆடிய கடைசிப் போட்டியில் பெல்ஜியத்துக்கு எதிரான இரண்டு கோலும் இவருடையவை. இணைந்த ஜெர்மனிக்கும் அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆடிவிட்டார்.

ந.செ., புதன் மாலை

ஐயா, மகரம் இரட்டிப்பது. மனிதரின் பெயரை நாம் திருத்த முடியாது.

இருக்கிற கருத்துகளை வைத்து விடுநிலைக் காவலர் என்று போடலாமா? வ.மு. ஐயாவின் ‘விடு’வும் கௌ. சொன்ன காவலரும் அதில் இருக்கிறார்கள். முதல் இடத்தில் ‘லிபெரோ எனப்படும்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுகிறேன். பல இடங்களில் ஆடுபவருக்குப் ‘பன்முக ஆட்டக்காரர்’ என்பதில் யாருக்கும் தகராறு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. முழங்கால் அறுவைக்குப் பின் வந்த தொற்றால் ஆட்டம் முடிந்துபோய், 2000இல் டார்ட்மண்டுக்கே பயிற்சியாளரானார். 2002 மே மாதம், 34 வயதில், ஜெர்மன் லீகை வென்றுகொடுத்தார். அதே மாதம் ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் ஃபெயனோர்டிடம் 3-2 என்று தோல்வி. அங்கே பயிற்சியாளரா, பயிற்றுநரா?

கௌ., புதன் இரவு

பயிற்சியாளர். புதிய இழை தொடங்காதீர்கள்.

விடுநிலைக் காவலருக்கு என் ஆதரவு. சோர்வினால் வந்த ஆதரவு என்றும் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

வ.மு., வியாழன் காலை

காவலர் என்று கடை போட்டால் முன்னேறும் பண்பு போய்விடுகிறது. தங்கப் பந்தில் பிரேசிலின் ரொனால்டோவை ஒரே ஒரு புள்ளியில், 144க்கு 143, முந்தியவர் காவலுக்காக மட்டுமா முந்தினார்? எதிர்ப்பைப் பதிகிறேன். அச்சைத் தடுக்கவில்லை.

இ.த., வியாழன் காலை

நானும். கிளி.

ம.ப., வியாழன் மாலை

2000 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியின் மத்தேயுஸ் 39 வயதில் லிபெரோவாக ஆடினார். அதற்குப் பின் பெரிய அணிகளில் அந்த இடமே அநேகமாக இல்லாமல் போயிற்று. செத்துப்போன இடத்துக்கு நான்கு நாளாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். எதுவானாலும் சரி, போடுங்கள்.

ந.செ., வெள்ளி இரவு

அனைவருக்கும் நன்றி. அச்சுக்குப் போய்விட்டது. கடைசி மெய்ப்பில் மூன்று இடங்களில் ‘விடுதிக் காவலர்’ என்று இருந்தது, கணினியின் பிழைதிருத்தி செய்த வேலை. இரண்டைப் பிடித்துவிட்டேன். மூன்றாவது, தங்கப் பந்துப் பத்தியில் இருப்பது, அச்சகம் தகடு எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது.

இ.த., வெள்ளி இரவு

கிளி எண்டு போட்டிருக்கலாம்.