வெளியே மாட்டும் கேஸில் சூடு ஏறாத ஹார்டு டிஸ்க் எது?

கல்யாண_வீடியோ:
வணக்கம். வேலூரில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஃபேன் இல்லாத பிளாஸ்டிக் கேஸில் 4 டிபி, 3.5 அங்குல, 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் போட்டிருக்கிறேன். ராத்திரி 600 ஜிபி காப்பி போட்டால் ஒரு மணி நேரத்தில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் 58 டிகிரி காட்டுகிறது. நேற்று பாதியிலேயே டிரைவ் காணாமல் போய், பத்து நிமிஷம் ஆறவிட்ட பிறகுதான் வந்தது. அதில் இருப்பது மற்றவர்கள் வீட்டுக் கல்யாணம், பயமாக இருக்கிறது. டிஸ்க்கை மாற்றுவதா, கேஸை மாற்றுவதா?

பழைய_மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்த 600 ஜிபியை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பல டிஸ்க்குகளுக்குக் கம்பெனியே சொல்லும் எல்லை 60 டிகிரி. நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே தட்டு சுற்றும்போது காற்றைக் கிழிக்கத்தான் மோட்டார் பெரும்பாலும் உழைக்கிறது. அந்த உழைப்பு வேகத்தின் கிட்டத்தட்ட மூன்றாம் படியாக ஏறும். 5400-க்கும் 7200-க்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம்; காற்றோடு போராடுவதில் இரண்டு மடங்குக்கும் மேல். ஃபேன் இல்லாத கேஸுக்கு 5400தான் சரி. அதிலும் தட்டு குறைவாக உள்ளது நல்லது. ஒரே கொள்ளளவில் இரண்டு மாடல் இருந்தால் எடையைப் பாருங்கள், லேசானதில் பெரும்பாலும் தட்டு குறைவு.

ராத்திரி_எடிட்டர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. '5400 ஆர்பிஎம் கிளாஸ்' என்று போட்டிருந்தால் உஷார். அப்படி விற்ற சில பெரிய டிஸ்க்குகள் உண்மையில் 7200-இல் சுற்றுகின்றன என்று 2020-இல் தெரியவந்தது. கண்டுபிடிப்பது சுலபம்: போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் (சத்தத்தில் எந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் ஆப்) போட்டு, கேஸை ஒட்டி வையுங்கள். 90 ஹெர்ட்ஸில் கோடு எழுந்தால் 5400, 120-இல் எழுந்தால் 7200.

எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி நெருக்கி எழுதும் டிஸ்க்) வேண்டாம். பெரிய ஃபைல்களை அழித்து அழித்து எழுதும்போது அது காப்பி முடிந்த பிறகும் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும், சூடும் இறங்காது. 4 டிபியில் சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டுமே சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை. 5400 மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

கல்யாண_வீடியோ:
120-இல் கோடு எழுந்தது அண்ணா. மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் எதிரே வைத்தேன், அரை மணியில் 44-க்கு வந்துவிட்டது. அப்படியானால் குற்றம் கேஸ் மேலா?

பழைய_மெக்கானிக்:
பாதிக்குப் பாதி. சூடு உண்டாக்குவது டிஸ்க், வெளியே விடாமல் அடைப்பது பிளாஸ்டிக். அலுமினியம் கேஸ் வாங்குங்கள், ஆனால் அலுமினியம் என்ற பேர் மட்டும் போதாது. டிஸ்க் அதன் சுவரைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இடையில் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற துண்டு) வைக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் அதுவும் ஒரு போர்வைதான்.

டிரைவ் காணாமல் போனது டிஸ்க்கால் இல்லாமலும் இருக்கலாம். யுஎஸ்பியை சாட்டாவாக (டிஸ்க்கின் சொந்த இணைப்பு) மாற்றும் சின்ன சிப்பும் அதே பெட்டிக்குள் வேகிறது. அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர்தானா என்றும் பாருங்கள். மோட்டார் சுழலத் தொடங்கும்போது அவ்வளவு இழுக்கும்.

கல்யாண_வீடியோ:
அடாப்டரில் 1.5 ஆம்பியர் என்று இருந்தது! 5400 டிஸ்க், பேட் வைத்த அலுமினியம் கேஸ், 2 ஆம்பியர் அடாப்டர் மூன்றும் வாங்கினேன். நேற்று அதே 600 ஜிபி, அதே அறை: 46 டிகிரி, ஒரு தடவைகூடத் துண்டிக்கவில்லை. பழைய டிஸ்க்கை கம்ப்யூட்டருக்குள் முன்பக்க ஃபேன் எதிரே மாட்டிவிட்டேன், அங்கே 41. இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா.