சப்வூஃபருக்கு ‘இடியொலிப்பான்’ வேண்டாம், ‘அடியொலிப்பான்’ போதும்

> ‘இடியொலிப்பான்’ என்றால் கேட்டதும் புரியும். தியேட்டர் அதிர்வு நினைவுக்கு வரும்.

வணக்கம். அந்த அதிர்வு நினைவுக்கு வருவதுதான் சிக்கல். சப்வூஃபர் என்பது மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கிப் பெட்டி. அது இடிக்கக் கூடாது. இருப்பதே தெரியாமல் அடியிலிருந்து தாங்க வேண்டும். நிலைமின் (எலெக்ட்ரோஸ்டாடிக்) ஒலிபெருக்கியோடு சேர்க்கும்போது இது பளிச்சென்று தெரியும். 1957-இல் வந்த குவாட் போன்ற நிலைமின் பலகைகளில் ஒலி எழுப்புவது மெல்லிய சவ்வு. அதன் முன்னொலியும் பின்னொலியும் எதிரெதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்று மேலேறும்போது மற்றது கீழிறங்குவதாக, இருப்பதால், தாழ்ந்த ஒலி விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு ஸ்தாயி இறங்க ஏறத்தாழ 6 டெசிபல் போய்விடும். அந்தப் பள்ளத்தை நிரப்புவது ‘அடியொலிப்பான்’.

> பழந்தமிழ் இசையில் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஸ்தாயிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்ற பெயர்கள் உண்டே. ‘மெலிவொலிப்பான்’?

நல்ல மரபுதான். ஆனால் இன்று மெலிவு என்றால் இளைத்துப்போனது என்றே படிப்பார்கள்.

> ‘அடி’ என்றால் உதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அடித்தளம், அடிக்குறிப்பு என்பவற்றை யாரும் அப்படி எடுப்பதில்லை. சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிடுவோம்:

“அடியொலிப்பானுக்கு மூடிய பெட்டியே நல்லது. துளை வைத்த பெட்டியில் ஒலி அடங்கத் தாமதமாகும். சவ்வின் வேகத்தோடு அது ஒட்டாது. டிரைவர் எனப்படும் ஒலியெழுப்பும் கூம்பின் க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற அளவு) 0.4, விஏஎஸ் (அதன் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கனஅளவு) 100 லிட்டர் என்றால், 50 லிட்டர் பெட்டியில் போட்டபின் வரும் மொத்த க்யூ 0.4 × √(1 + 100/50) = 0.4 × √3, அதாவது 0.69. பெட்டியைச் சுருக்கி 0.7-ஐத் தாண்டவிட்டால் தாழ்ந்த சுரங்கள் வீங்கும். உள்ளே வைக்கும் தாங்குகட்டைகள் அடைக்கும் இடத்தைக் கழித்த பிறகே 50 லிட்டர் என்று எண்ண வேண்டும்.

“பலகைக்கும் அடியொலிப்பானுக்கும் ஒலியைப் பங்கிடும் பிரிப்பு அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ், இரு பக்கமும் ஸ்தாயிக்கு 24 டெசிபல் இறங்கும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை வடிகட்டிச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். அடியொலிப்பானின் இரு ஒயர்களை மட்டும் மாற்றி மாட்டி, 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் மைக்கை வைக்கவும். பலகைக்கான தாமதத்தை அரை அரை மில்லிநொடியாகக் கூட்டினால் ஓரிடத்தில் ஒலி சட்டென்று விழும். ஒயர் மாறியிருப்பதால், இரண்டும் நேரத்தில் ஒத்துப்போகும்போதுதான் ஒன்றையொன்று அழிக்கும்; அதுதான் சரியான தாமதம். பிறகு ஒயர்களைப் பழையபடி மாட்டவும்.”

எங்கும் சொல் இடறவில்லை. ‘இடியொலிப்பான்’ போட்டால் முதல் வரியே முரண்படும்.

அடுத்து ஒன்று பாக்கி. முன்னும் பின்னும் ஒலிக்கும் ஒலிபெருக்கிகளில் டைபோல், பைபோல் என இரு வகை உண்டு; இரண்டையும் ‘இருமுனை’ என்றே எழுதிவருகிறோம். முன்னதில் இருபுற ஒலியும் எதிர்க்கட்டம், பின்னதில் ஒரே கட்டம். ‘எதிர்க்கட்ட இருமுகம்’, ‘ஒத்தகட்ட இருமுகம்’ எனப் பிரிக்கலாமா?