கிளிநொச்சி இரணைமடுக் குளத்து அலைகரையால (தண்ணி ஏறி இறங்குற கரை) பை தூக்கி நடந்த ஆக்கள், அனுபவத்தைச் சொல்லுங்கோ

வடக்குக்காத்து:
மஸ்கெலியாவில மவுசாகலை நீர்த்தேக்கக் கரையால கூட்டாளிமாரோட நடந்தனான். தோளில பை, ராவில கூடாரம். அங்க தேயிலைத் தோட்டத்து றோட்டு அடிக்கடி குறுக்கிடும், களைச்சுப்போனா ஏதாவதொரு லயத்தடியில தேத்தண்ணி கிடைக்கும், சிவனொளிபாதமலை ஒரு பக்கம் நிண்டு திசை காட்டும். இப்ப அதேமாதிரி எங்கட இரணைமடுவைச் சுற்றி வர ஆசை. செய்மதிப் படத்தில பாத்தன், சுற்றிவரப் பச்சைதான், பாதை ஒண்டும் விளங்கேல்லை. காட்டுக்குள்ள ஏதோடயும் முட்டுப்பட்ட ஆக்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. பயப்படுத்தினாலும் பரவாயில்லை.

பட்டிக்காரன் மகன்:
முழுச்சுற்று வராது தம்பி. கிழக்குப் பக்கம் விமானப்படைத் தளம், அதுக்குள்ளால நடக்க ஒருத்தரும் விடமாட்டினம். உங்களுக்குக் கிடைக்கிறது மேற்குக் கரை. கனகாம்பிகை அம்மன் கோவிலடியில தொடங்கி அலைகரையால தெற்க போய், கனகராயன் ஆறு குளத்துக்குள்ள விழுற இடம் மட்டும். அதுவே காணும். குளக்கட்டில நடக்கிறதை நடையில சேர்க்காதேங்கோ, அது மோட்டச்சைக்கிள் ஓடுற றோட்டு.

எங்கட அப்பா கோடையில பட்டியை அலைகரைக்குத்தான் சாய்ச்சுக்கொண்டு போவார். தண்ணி வத்த வத்தப் புல்லு முளைக்கும், மாடு அந்தப் புல்லுக்குப் பின்னால போகும். நான் பள்ளிக்கூட லீவில கூடப் போறனான். ஒருநாள் மம்மல் பொழுது, சோறு இறக்கி வச்சிட்டு இருக்கிறம், மாடெல்லாம் அசைபோடுறதை நிப்பாட்டிப்போட்டு ஒரே பக்கம் தலையைத் திருப்பிச்சுது. சத்தம் ஒண்டுமில்லை. அப்பா அடுப்புச் சாம்பலைக் கிள்ளி மேல விட்டுக் காத்துப் பாத்தார். சாம்பல் எங்கட பக்கத்தால காட்டுப் பக்கம் போச்சுது. "எழும்பு" எண்டு மட்டும் சொன்னார். பானை, சாமான் எல்லாத்தையும் விட்டிட்டுப் பக்கத்தால விலகிப்போய், காத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு மேட்டில ஏறினம். குட்டியளோட ஒரு ஆனைக் கூட்டம் தண்ணிக்கு இறங்கிச்சுது. விடியப் போய்ப் பாத்தா பானை அப்பளமாக் கிடக்குது, அரிசி இல்லை, உப்புப் பையைப் பையோடயே காணேல்லை.

அதுதான் சொல்லுறன், அரிசியையும் உப்பையும் கூடாரத்துக்குள்ள வச்சுக்கொண்டு படுக்காதேங்கோ. தள்ளி ஒரு மரத்தில கட்டுங்கோ. கரையில வடிவான வெளி கிடக்குது எண்டு கூடாரம் அடிக்கிறதும் சரிவராது. அந்த வெளி ஏன் வெளியாக் கிடக்குது எண்டு யோசியுங்கோ, அதுகள் இறங்கி இறங்கி மிதிச்ச இடம் அது.

பாலைப்பழம்:
ஆனையை விடக் கரடிக்குத்தான் நான் பயம். ஆனி, ஆடியில பாலைப்பழம் பழுக்கேக்க காட்டுக்குப் போனா ஆளையாள் கூப்பிட்டுக் கதைச்சுக்கொண்டு போகவேணும். நான் வாய் பேசாமப் போனனான். மேல கொப்பு முறியுற சத்தம், குரங்கு எண்டு நினைச்சுப் பழம் பொறுக்கக் குனிஞ்சன். பின்பக்கம் முன்னால வர மரத்தால வழுக்கிக்கொண்டு இறங்கினார் ஐயா. எனக்கும் அவருக்கும் இடையில ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். ஓடேல்லை, ஓடக் கால் வரவும் இல்லை. மூக்கால ஒரு ஊதல், பிறகு வீரைப் பத்தைக்குள்ளால முறிச்சுக்கொண்டு போட்டார். திடுக்கிட்டா அது அடிக்கிறது முகத்துக்குத்தான். புத்து தோண்டின புது மண்ணைக் கண்டா அந்தப் பக்கம் போகாதேங்கோ.

விசுவமடு:
தறப்பாளுக்குக் கீழ படுக்கக் காசு குடுத்துச் சாமான் வாங்கிற காலமும் வந்திட்டுது. நாங்கள் 2009 இல சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து சும்மா படுத்தனாங்கள் 😀

வடக்குக்காத்து:
அண்ணை, அதை நினைச்சுத்தான் அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

பழைய டிமைனர்:
நான் மிதிவெடி அகற்றுற வேலை செய்தனான். ஆனை, கரடிக் கதையெல்லாம் சரி, அதுகள் வந்தா சத்தமாவது கேக்கும். குளத்துக்குத் தெற்கும் தென்கிழக்கும் சண்டை நடந்த காடு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிண்டா விளங்கும். பலகை இல்லை எண்டதுக்காகத் துப்புரவான இடம் எண்டு எடுக்கேலாது. பலகையைக் கழட்டிக் கோழிக்கூட்டுக்கு அடிச்ச ஆக்களையும் கண்டிருக்கிறன். ஜொனி மிதிவெடி எண்டு சொல்லுவினமே, அது பலகைப் பெட்டி. பெட்டி உக்கும், உள்ளுக்குள்ள இருக்கிற வெடிமருந்து உக்காது. 2018 மார்கழி வெள்ளம் மாதிரி ஒண்டு வந்தா மண்ணோட சேர்ந்து வெடியும் இடம் மாறும், நேற்று நல்லா இருந்த ஆத்தங்கரை இண்டைக்கு நம்பேலாது.

அதால ஒரே ஒரு விதிதான்: மாடு தினம் போற தடத்தை விட்டு விலகாதேங்கோ. ஒண்டுக்குப் போறதெண்டாலும் தடத்தில நிண்டு போங்கோ. வெட்கம் பாக்கிற இடமில்லை. போக முதல் அந்தப் பகுதி விதானையாரிட்ட (கிராம சேவையாளர்) கேட்டா எது துப்புரவாக்கிக் குடுத்த காணி எண்டு சொல்லுவார். ஒதுக்குக் காட்டுக்குள்ள கால் வைக்கிறதெண்டா வனவளத் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமப் போகாதேங்கோ, வழக்குப் போடுவினம்.

இன்னொண்டு, கட்டுத்துவக்கு, கம்பியில கால் பட்டா வெடிக்கிறது. பண்டிக்குக் கட்டுறது, ஆனா கம்பிக்கு ஆள், பண்டி தெரியாது. பொழுதுபட்டா நடக்கிறதை நிப்பாட்டுங்கோ.

மாங்குளம் அக்கா:
ஆசுப்பத்திரியில வேலை செய்யிற ஆள் சொல்லுறன், காட்டுக்குப் போட்டு எங்களிட்ட வாறாக்கள் கரடி கடிச்சு வாறது எப்பவாவதுதான். உண்ணியோட வாறதுதான் கூட. ஊசித்தலை அளவில இருக்கும், இடுப்புப் பட்டி இறுகுற இடத்திலயும் கக்கத்திலயும் ஏறி இருந்திடும். ஒரு கிழமை, ரெண்டு கிழமை கழிச்சுக் காய்ச்சல், தலையிடி வந்தா பனடோலைப் போட்டுக்கொண்டு கிடக்காம "காட்டுக்குப் போனனான்" எண்டு டொக்டருக்குச் சொல்லவேணும். சிகரெட்டால சுட்டமாதிரிக் கறுத்த பொருக்கு எங்கயாவது இருந்தா அதையும் காட்டுங்கோ. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கு, நேரத்துக்குத் தொடங்கினாச் சுகம்.

புடையன் பாம்புக்கு ராவில ரோச் இல்லாமக் காலை நிலத்தில வைக்காதேங்கோ. கடிச்சா வெட்டுறது, உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேண்டாம். ஆளை நடக்க விடாமத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

அதுக்கு இரணைமடு மேற்குக் கரை ஒருவகையில நல்லது. ஏ9 றோட்டு குளத்துக்கு மேற்கால வடக்குத் தெற்கா ஓடுது. எங்க நிண்டாலும் சூரியன் படுற பக்கம் தடம் பிடிச்சு வந்தா முறிகண்டிக்கும் பனிக்கன்குளத்துக்கும் இடையில எங்கயாவது றோட்டில மிதப்பியள். கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் 174 மீற்றர், கரை வெளியில நிண்டா அதுதான் உங்கட சிவனொளிபாதமலை.

வடக்குக்காத்து:
நன்றி அக்கா. அப்ப எந்த மாதம்? தண்ணி எவ்வளவு காவ?

பட்டிக்காரன் மகன்:
குளம் நிரம்பினா 36 அடி, அப்ப அலைகரையே காட்டுக்குள்ளதான், நடக்க இடமில்லை. மாரியில வான்கதவு எப்ப திறப்பினம் எண்டும் தெரியாது. சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டு முடிஞ்ச பிறகு, ஆவணி, புரட்டாதியில வாங்கோ. பாலைப்பழமும் முடிஞ்சிருக்கும், கரடிக் கரைச்சல் குறைவு.

ஆனா அப்ப சேறு இருக்கு. மேல காஞ்சு ஓடு ஓடா வெடிச்சுக் கிடக்கும், மிதிச்சா முழங்கால் மட்டும் போகும். இறுகினது எண்டு பாத்து நடந்தாலும் ஆனை மிதிச்ச குழியள் கல்லு மாதிரிக் காஞ்சு கிடக்கும், பாரத்தோட கால் வச்சா மொளி பிரளும். புல்லு முளைச்ச விளிம்பால நடவுங்கோ. மாடும் அதாலதான் போகும்.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லீற்றர் கணக்குப் பாருங்கோ, அந்த வெயிலுக்குக் குறையாது. குளத்துத் தண்ணி கொதிக்க வச்சுக் குடிக்கலாம், ஆனா வெளிச்சம் இருக்கேக்க, மணலாக் கிடக்கிற தட்டையான இடத்தில ஒரு தடியால தட்டிப்போட்டு அள்ளுங்கோ. தண்ணி வத்தேக்க முதலையளுக்கும் இடம் காணாது, எல்லாம் ஆழமான மடுவுக்குள்ளதான் நெருங்கிக் கிடக்கும். பிளாஸ்ரிக் வாளி மட்டும் இழுபட்டுப் போனதை நான் கண்டனான், ஆள் தப்பினது வாளிக்குப் பிடி நீளமா இருந்தபடியால.

பாலைப்பழம்:
கருவாடு கொண்டுபோகாதேங்கோ. மணம் எங்கயோ போகும். புழுக்கொடியல், கடலை, அரிசிமா மூண்டும் காணும், அடுப்பும் பெரிசாத் தேவையில்லை.

வடக்குக்காத்து:
புரட்டாதி முதல் கிழமை எண்டு வச்சிருக்கிறன். நாலு பேர். கனகராயன் ஆறு மட்டும் போய்க் கொக்காவிலால வெளிய வாறது. பட்டிக்காரர் ஆரையும் வழிகாட்டக் கேக்கலாமா?

பட்டிக்காரன் மகன்:
கேக்கலாம், கோவிலடியில வந்து விசாரிச்சா ஆள் கிடைக்கும். சம்பளம் பேசித்தான் கூட்டிக்கொண்டு போங்கோ, "அண்ணை சும்மா வாங்கோ" வேண்டாம், அவருக்கு ஒரு நாள் மாடு பாக்கிற கூலி போகுது. ஆனா அந்தச் சனிக்கிழமை வராதேங்கோ. மாட்டுக்குக் குறிசுடுற நாள், ஒருத்தரும் உங்களோட வரமாட்டினம், நீங்கள்தான் கயிறு பிடிக்க வேண்டி வரும்.