'மஹல்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஜெர்மானியர்: நம் சினிமாவில் அவர் பாதிப்பு எவ்வளவு?

திருச்சி_ஃபிரேம் கேட்டது:

வணக்கம். திருச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். வேலை இல்லாத ராத்திரிகளில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை லைட்டிங்குக்காகவே போட்டுப் பார்ப்பேன். போன வாரம் 'மஹல்' (1949). அசோக் குமார் அந்தப் பாழடைந்த மாளிகையில் பாட்டுச் சத்தத்தைத் தேடி அலைகிறார். பல ஷாட்டுகளில் திரையில் பாதிக்கு மேல் இருட்டு. ஆனாலும் எங்கே பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

டைட்டிலில் ஜோசப் விர்ஷிங் என்று பெயர். தேடினால் மியூனிக்காரர் என்கிறார்கள். "இந்திய சினிமாவுக்கு வெளிச்சம் வைக்கக் கற்றுக்கொடுத்ததே ஜெர்மன்காரர்கள்தான், எல்லாம் எக்ஸ்பிரஷனிசம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியா? நம்மாட்களுக்கு அதற்கு முன் எதுவுமே தெரியாதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_மிட்செல் பதில்:

தம்பி, நான் கேமரா அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எக்ஸ்பிரஷனிசம். கடும் நிழலையும் கோணலான செட்டையும் வைத்து மனநிலையைக் காட்டிய ஜெர்மன் பாணி அது, பெரும்பாலும் பெர்லின் சங்கதி. விர்ஷிங் தொழில் பழகியது மியூனிக்கில், எமெல்கா ஸ்டுடியோவில். 1925இல் ஃபிரான்ஸ் ஓஸ்டன் இயக்கிய 'லைட் ஆஃப் ஆசியா' படத்துக்காக முதல் தடவை இந்தியா வந்தார். அந்தப் படத்தைப் பார், ஜெய்ப்பூர் வெயிலும் யானைகளும் கூட்டமும்தான். ஜெர்மன்காரர் எடுத்தார், நிழல் இருக்கிறது, ஆகவே எக்ஸ்பிரஷனிசம் என்று முடிவு கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'மஹல்' இருட்டாக இருப்பது, கதை பேய் வீட்டில் நடப்பதால்.

1934இல் தயாரிப்பாளர் ஹிமான்ஷு ராயும் நடிகை தேவிகா ராணியும் பம்பாய் மலாடில் பாம்பே டாக்கீஸ் ஸ்டுடியோவைத் தொடங்கியபோது ஒரு குழுவே வந்து சேர்ந்தது. இயக்கத்துக்கு ஓஸ்டன், கேமராவுக்கு விர்ஷிங், செட்டுக்கு கார்ல் ஃபான் ஷ்ப்ரெட்டி, ஃபிலிம் கழுவும் லேபுக்கு வில்ஹெல்ம் ஜோலே. இதில் லேப் ஆள் வந்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. ஃபிலிமில் வேலை செய்தவனுக்குத் தெரியும்: கேமராமேன் முகத்தில் எவ்வளவு பார்த்துப் பார்த்து ஒளி வைத்தாலும், கெமிக்கலின் சூடும் நேரமும் தினம் ஒரு மாதிரி இருந்தால் நிழலெல்லாம் கரியாகிவிடும், இல்லையென்றால் சாம்பலாக வெளுத்துப்போகும். நேற்று எடுத்த ஷாட்டும் இன்று எடுத்த ஷாட்டும் ஒட்டாது. லேப் நிலையாக இருந்தால்தான் கேமராமேன் துணிந்து இருட்டை வைக்க முடியும். (அசோக் குமாரே அந்த லேபில் வேலை பார்த்தவர்தான். 1936இல் ஹீரோவானார்.)

அப்புறம் 1939. போர் வெடித்ததும் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியர்களைப் பிடித்து முகாமில் அடைத்தது. ஓஸ்டன் எடுத்துக்கொண்டிருந்த 'கங்கன்' பாதியில் நின்றது, அதை நம்மாட்களே முடித்தார்கள். விர்ஷிங்கிடம் உதவியாளராக இருந்த ஆர்.டி. பரீஞ்சாதான் 1943இல் அதே ஸ்டுடியோவின் 'கிஸ்மத்' படத்துக்கு ஒளிப்பதிவாளர். கல்கத்தா ராக்ஸி தியேட்டரில் அது மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்போது ஜெர்மன்காரர் ஒருவர்கூட ஸ்டுடியோவில் இல்லை. பாதிப்பு எவ்வளவு என்று கேட்டாயே, நான் அதை வைத்துத்தான் அளப்பேன்.

விர்ஷிங் முகாமிலிருந்து வெளியே வந்து ஊருக்குத் திரும்பவில்லை. 'மஹல்', 'தில் அப்னா அவுர் ப்ரீத் பராயி' (1960), 'பாகீஸா' எல்லாம் அதற்குப் பிறகு. 1967இல் இறந்தார். 'பாகீஸா' 1972இல்தான் வந்தது, மீதியை மற்ற கேமராமேன்கள் எடுத்தார்கள். 'மஹல்' எடுக்கும்போதே அவர் பம்பாய்க் கேமராமேன்தான் என்பது என் கட்சி.

நெகட்டிவ்_நளினி பதில்:

ஐயா சொன்னது கூட இருந்து பழகிய வழி. தள்ளி நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட வழியும் உண்டு. 1949-50இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் 'தி ரிவர்' எடுத்தார். கேமரா, அவருடைய அண்ணன் மகன் கிளாட் ரெனுவார். சுப்ரதா மித்ரா அதில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. அவர் எந்த விளக்கு எங்கே நின்றது என்று படம் வரைந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். அதுவரை சினிமா கேமராவை இயக்கியே பார்க்காத அவரைத்தான் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவாளர் ஆக்கினார்.

ஆனால் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) மித்ரா செய்தது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். அந்த மாதிரி முற்றத்தில் வெளிச்சம் மேலேயிருந்து பரவலாக இறங்கும், நிழல் தெளிவாக விழாது. நேரடியாக லைட் அடித்தால் ஆளுக்கு மூன்று நிழல் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்துத் திருப்பினார். நாம் வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் பிடிப்பதும் அதே வேலைதான், தம்பி.

மதுரை_கொட்டகை பதில்:

நம்ம பக்கம் எல்லிஸ் ஆர். டங்கனை விட்டுவிட்டீர்களே! இயக்குநர்தான், ஆனால் அமெரிக்காவில் ஒளிப்பதிவு படித்தவர். தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி' (1936) முதல் 'மந்திரி குமாரி' (1950) வரை இங்கே படம் எடுத்தார். 'மீரா'வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி முகத்தைப் போல மார்பளவு சிலை செய்யச் சொல்லி, அதன் மேல் விதவிதமாக ஒளி வைத்துப் பார்த்திருக்கிறார். கூட நின்று அதைப் படம்பிடித்தவர் ஜித்தன் பானர்ஜி. அந்தப் படத்தில் எம்.எஸ். முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு எங்கே போனது என்று தெரியும்.

திருச்சி_ஃபிரேம்:

மூன்று பேருக்கும் நன்றி. நளினி அக்கா, துணி விஷயத்தைத் தாழ்வாரத்தில் நலங்கு வைக்கும்போது செய்து பார்க்கப்போகிறேன். ஐயா, விர்ஷிங்குக்கும் பரீஞ்சாவுக்கும் உள்ள தொடர்பை நானே கண்ணால் பிடிக்க எதைப் பார்க்கவேண்டும்?

பழைய_மிட்செல்:

'மஹலை'யும் 'கிஸ்மத்'தையும் அடுத்தடுத்துப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிடு. குளோசப்பில் மூக்கு நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழுகிறது என்று மட்டும் பார். கண்ணுக்குள் லைட்டின் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார். ஒரு நோட்டில் வரைந்துகொண்டே போ. வரைந்ததை இங்கே போடு, பேசலாம்.