மேலத்தெரு குடும்பம் 🌳

சித்ரா அத்தை: 📷 போட்டோ

சித்ரா அத்தை: அண்ணன் உள்ளங்கால்ல கருப்பா ஒண்ணு. வினோ ஏதோ ஆப்ல போட்டான், மெலனோமாங்கற தோல் கேன்சர் 82%னு வருதாம். ஞாயித்துக்கிழமை வளைகாப்ப வச்சுக்கிட்டு இது வேற

முரளி சித்தப்பா: எத்தனை நாளா இருக்கு?

பெரியப்பா: ஒண்ணும் இல்ல. பழனி நடந்தப்ப வந்தது

கதிர்: அத்தை, 82ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. அந்த ஆப் தனக்குத் தெரிஞ்ச வகைகளுக்குள்ள நூறைப் பங்கு போட்டுக் குடுக்குது, அவ்வளவுதான். கால் ஆணின்னு ஒரு வகையே சொல்லிக்குடுக்கலன்னா, ஆணியையும் இருக்கறதுல ஒண்ணுல தள்ளிவிடும். இந்த மாதிரி மெஷினுக்குச் சொல்லிக்குடுக்கற தோல் படத் தொகுப்பு ஒண்ணு, 2018ல வந்த ஹாம்10000. அதுல 10,015 படம், 7 வகை. 6,705 சாதா மச்சம், 1,113 மெலனோமா. வியன்னாவுலயும் குயின்ஸ்லாந்துலயும் டெர்மாஸ்கோப்ங்கற தோல் பார்க்கற லென்ஸ் வச்சு எடுத்தது, பெரும்பாலும் வெள்ளைத் தோல். இப்படிப் படிச்ச மெஷின்கிட்ட நம்ம ஊர் உள்ளங்காலை, அதுவும் போன் கேமராவுல எடுத்து நீட்டினா?

வினோ: வாத்தியாரே சுருக்கமா 🙏

கதிர்: சரி. சுத்தி நீல வட்டம் போட்டது யாரு?

சித்ரா அத்தை: நான்தான். எங்கன்னு தெரியட்டும்னு

கதிர்: அதுதான் வில்லங்கம். மை அடையாளம் இருந்தா சாதா மச்சத்துக்கும் மெலனோமா மதிப்பு ஏறுதுன்னு 2019லயே ஜெர்மனியில சோதிச்சுட்டாங்க. ஸ்கேல் வச்சாலும் இதே கூத்து. சந்தேகப்பட்ட மச்சத்துக்குத்தானே டாக்டர் ஸ்கேல் வைப்பார்? மெஷின் ஸ்கேலையே நோய்னு படிச்சுக்குது

தேவி அண்ணி: நிறம் மேட்டுலயா, பள்ளத்துலயா?

சித்ரா அத்தை: புரியலம்மா

கதிர்: உள்ளங்கால்ல கைரேகை மாதிரி வரி ஓடும்ல. பள்ளத்தோட கருப்பு ஓடினா பெரும்பாலும் மச்சம். மேட்டு மேல ஓடினாத்தான் வில்லங்கம்

தேவி அண்ணி: ஆமா. இங்க கிளினிக்ல பேனா மை தடவித் துடைச்சுப் பார்ப்போம், பள்ளத்துல மட்டும் மை நிக்கும். அப்புறம் டெர்மாஸ்கோப். இந்தப் படத்துல வரியே தெரியல

கதிர்: எண்ணெயைத் துடைச்சுட்டு, ஃப்ளாஷ் இல்லாம, ஜன்னல் பக்கம் வச்சு எடுங்க. முழுப் பாதம் ஒண்ணு, ஒரு ஜாண் தூரத்துல ஒண்ணு. டாகுமெண்டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கி வரியெல்லாம் வழிச்சுடும்

முரளி சித்தப்பா: அண்ணே கிணத்து மோட்டார் ஸ்விட்ச் நீங்களா ஆஃப் பண்ணீங்க?

பெரியப்பா: என் முறை புதன். நாலு வருஷமாச் சொல்றேன்

சித்ரா அத்தை: இப்ப மோட்டார்தான் முக்கியமா

பெரியப்பா: போன வாரம் சூட்டுக்கு மருதாணி வச்சேன் கால்ல

வினோ: 😂😂😂

கதிர்: மருதாணியா!!

தேவி அண்ணி: நிறம் அதனாலயும் இருக்கலாம் பெரிய மாமா. செருப்பு உரசின ரத்தக்கட்டாவும் இருக்கலாம். ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு மெலனோமா வந்தா பாதத்துலதான் அதிகம். திங்கள் 10 மணிக்கு வந்துடுங்க

பெரியப்பா: வளைகாப்பு முடியட்டும்மா

தேவி அண்ணி: திங்கள்னா முடிஞ்சிருக்கும்

சித்ரா அத்தை: யாரு கூட்டிட்டுப் போறது? கண் ஆபரேஷனுக்கும் நான்தான் போனேன்

முரளி சித்தப்பா: கார் சர்வீஸ்ல இருக்கு

வினோ: 👀

பெரியப்பா: புதன் ஸ்விட்ச்சைத் தொடாதே முரளி