தங்கச்சி ஆராய்ச்சிக்கு 'இம்பாக்ட்' என்னான்னு கேக்கறாங்க, இத எப்படிப்பா கணக்கு போடுறது?

ஒத்தியூர்_அண்ணன்:
வணக்கம் மக்களே. நான் திருவொத்தியூர், கன்டெய்னர் யார்டுல வேலை, இந்த மேட்டர்ல நான் ஜீரோ. எண்ணூர் ஆத்துல அப்பிக்கிட்டு கெடக்கே காக்கா ஆழின்னு ஒரு சிப்பி, என் தங்கச்சி அத வெச்சுதான் பிஎச்டி பண்றா. மூணு வருஷமா கால் பூரா சேறோட வீட்டுக்கு வர்றா, பால்கனில துணி காயப்போட எடமில்ல, எல்லாம் பக்கெட்டு. போன வாரம் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனா, அங்க ஒருத்தரு லேப்டாப்ப பாத்துட்டு "எச்-இன்டெக்ஸ் 2 தானே, உங்க வேலையால இம்பாக்ட் என்ன?"ன்னு கேட்டுட்டாராம். வந்ததுலேருந்து சரியா சாப்பிடல, சுவத்த பாத்து படுத்துக்கறா. அம்மா வேற "சிப்பிய எண்ணி என்னடி ஆவப்போவுது"ன்னு ஏத்தி விடுது. கைடு என்னடான்னா இந்த லோக்கல் வேலைய விட்டுட்டு நெட்ல இருக்கற டேட்டாவ எடுத்து உலக அளவுல ஒரு பேப்பர் போடு, சைட்டேஷன், அதாவது மத்தவங்க அவங்க பேப்பர்ல நம்மள மேற்கோள் காட்டறது, கொட்டும்ங்கறாராம். இவ குப்பத்து ஆளுங்களுக்குன்னு தமிழ்ல நாலு பக்கம் எழுதி சொந்த காசுல ஜெராக்ஸ் போட்டு குடுத்தா, அது எந்த கணக்குலயும் வராதாம். 2ன்னா ரொம்ப கம்மியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_விலங்கியல்_வாத்தியார்:
தம்பி, அது 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்ன கணக்கு. 2ன்னா, மத்தவங்க குறைஞ்சது ரெண்டு தடவையாவது சைட் பண்ணின பேப்பர் ரெண்டு இருக்கு, அவ்ளோதான். 40ன்னா அந்த மாதிரி 40 பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் 40. வயசு ஏற ஏற அதுவும் ஏறும், இறங்கவே இறங்காது. பிஎச்டி பண்ற பொண்ணுகிட்ட அத கேக்கறவருக்கு வேற கேள்வி தெரியலன்னு அர்த்தம். எங்க துறைல இன்னொரு வயித்தெரிச்சலும் உண்டு, ஒரு உயிரினத்த மொதல்ல விவரிச்சு பேர் வெச்சவன் பேப்பர, அந்த பேர தினம் எழுதறவங்க பெரும்பாலும் சைட் பண்றதே இல்ல.

ஆனா கைடையும் திட்டாதீங்க, உலக அளவு பேப்பரும் சில நேரம் வேலை செய்யும். நார்மன் மையர்ஸ்னு ஒரு சூழலியல்காரரும் கூட்டாளிகளும் 2000ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல ஒண்ணு போட்டாங்க, பூமியோட நிலப்பரப்புல 1.4 சதவீதம்தான், அதுக்குள்ள 25 இடம், வாஸ்குலர் தாவர (உள்ளுக்குள்ள தண்ணி கடத்துற குழாய் இருக்கற செடி) இனங்கள்ல 44 சதவீதம் அங்க மட்டும்தான் இருக்குன்னு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து அதுல ஒண்ணு. காப்பாத்தற காச எங்க கொட்டணும்ங்கற பேச்சையே அது திருப்பிச்சு. அதுக்கும் அடில யாரோ காட்டுல நின்னு செடிய எண்ணினாங்க இல்லையா, அவங்க பேரெல்லாம் உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

பாறு_பைத்தியம்:
சார் சொன்னதுல எண்ணறதுன்னதும் எனக்கு பாறு ஞாபகம் வந்துருச்சு, அதாங்க பிணந்தின்னிக் கழுகு. ராஜஸ்தான் பரத்பூர்ல விபு பிரகாஷ்னு ஒரு பறவை ஆராய்ச்சியாளர் கூடு எண்ணிக்கிட்டே இருந்ததாலதான் 90கள்ல அது சரசரன்னு கொறையுதுன்னே தெரிஞ்சுது. அப்புறம் 2004ல, பாகிஸ்தான்ல செத்த பாறுங்கள அறுத்து பாத்த குழு காரணத்த சொல்லிச்சு, மாட்டுக்கு போடுற வலி மருந்து டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்ததும் தின்ன பறவைக்கு கிட்னி அவுட்டு. 2006லயே இந்தியா மாட்டு வைத்தியத்துக்கு அத தடை பண்ணிச்சு, மெலாக்ஸிகாம் மாத்து மருந்தாச்சு. நம்மாளுங்க விடுவாங்களா, மனுஷ மருந்து பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்கு குத்தினாங்க, 2015ல 3 மில்லிக்கு மேல பாட்டிலே கூடாதுன்னு போட வேண்டியதா போச்சு. பேப்பர் வந்து 11 வருஷம்! அடுத்த இன்டர்வியூல உங்க தங்கச்சி தைரியமா இத சொல்லலாம்.

முகத்துவாரம்_பையன்:
ண்ணா, காக்கா ஆழிய மொத மொத கண்டது பேப்பர் இல்ல, நாங்க. இறாலு கையால தடவி புடிக்கற எடத்துல கைய வெச்சா கருப்பா கம்பளி விரிச்ச மாதிரி, நாரு விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, வெரலு சேத்துக்குள்ள எறங்கவே எறங்காது, எடுத்தா வெரலு கிழிஞ்சிருக்கும். மஞ்ச மட்டி கெடச்ச எடமெல்லாம் போச்சு. சொன்னா "சிப்பி எப்பவும் இருக்கறதுதான"ன்னாங்க. அது நம்மூரு சிப்பியே இல்ல, தென் அமெரிக்கா பக்கத்து சரக்கு, மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா, கப்பலோட வந்திருக்கலாம்னு படிச்சவங்க பேரோட சொன்னப்புறம்தான் நம்ம பேச்சு காதுல ஏறிச்சு, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அதனால பேப்பரு வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா வர்றதுல பாதிப்பேரு படகு கேப்பாங்க, பாட்டில்ல தண்ணி மொண்டுக்குவாங்க, எங்க நாயினாவோட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க, அதோட சரி. அந்த ஜெராக்ஸ் எங்க ஊட்ல இருக்கு. நாயினா என்ன படிக்க சொல்லி முழுசா கேட்டுச்சு. மூணாவது பக்கத்து படம் தப்புன்னுச்சு. பாலத்துக்கு மேல்பக்கம் ஆழி இல்லன்னு போட்டிருக்குல்ல, போன மழைக்கு அப்புறம் அங்கயும் வந்துருச்சு.

ஒத்தியூர்_அண்ணன்:
வாத்தியார் சார், பாறு சார், ரொம்ப நன்றி, ரெண்டையும் படிச்சு காமிச்சேன், "ம்"முன்னா. முகத்துவாரம் தம்பி, உன்னோடத படிச்சதும் எழுந்து உக்காந்துட்டா பா. மேல்பக்கம்னா பாலத்துலேருந்து எவ்ளோ தூரம், எந்த கரைன்னு கேக்கறா. நாயினா எப்ப இருப்பாரு?

முகத்துவாரம்_பையன்:
காலைல ஆறு மணிக்குள்ள வர சொல்லுங்க, அப்புறம் தூங்கிடும். பக்கெட்ட அவங்களே எடுத்தாரணும்.